இடுக்கை விட்டுப் போன காயில்

பூங்கோதையின் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் நாச்சிமுத்துவுக்குத்தான் முதலில் வணக்கம் வைப்பார்கள். ஐம்பத்தெட்டு வயது, நெடிய உருவம், முறுக்கிவிட்ட நரைத்த மீசை. பார்த்தால் முதலாளி மாதிரிதான் இருப்பார்.

அவர் சிரித்துக்கொண்டே மேசைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுவார். அங்கே முப்பத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் தலை நிமிராமல் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருப்பார்.

"மாஸ்டர் அவங்கதானுங்க. நான் கத்துக்க வந்தவன்."

கோவை ஆவாரம்பாளையத்தில் பம்புசெட்டு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றிப் பழகியவர் பூங்கோதை. ஒருநாள் யாரோ கருகிப்போன ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிரித்துப் பார்த்தார். இரும்பு, காந்தம், காயில்.

"இதுவும் மோட்டார்தான். சுத்தறதுக்குப் பதிலா முன்னும் பின்னும் போகுது," என்றார்.

அன்றிலிருந்து பதினான்கு வருடமாக அவருக்கு ஸ்பீக்கர்தான் வேலை.

நாச்சிமுத்து முப்பது வருடம் மைக் செட் நடத்தியவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி, எதுவானாலும் அவருடைய ஸ்பீக்கர் பாக்ஸ்தான். அவர் பாக்ஸ் அடித்தால் பக்கத்து ஊரில் கூரைத் தகரம் ஆடும் என்று சொல்வார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய மீசையும் கொஞ்சம் ஆடும். தொழிலை மகன் எடுத்துக்கொண்ட பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. கருகிய ஸ்பீக்கர்களைச் சரிசெய்யக் கொடுத்து வாங்கிய பட்டறைக்கே மாணவராக வந்து நின்றார்.

"இந்த வயசுல எதுக்குங்ணா?" என்று கேட்டார் பூங்கோதை.

"முப்பது வருசமா எரிச்சிருக்கேனுங்க. ஏன் எரிஞ்சுதுன்னு ஒருக்காவாவது தெரிஞ்சுக்கோணும்."

பூங்கோதை ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

நாச்சிமுத்து கற்றுக்கொள்ள வந்த இரண்டாம் வருடம், ஒரு திங்கட்கிழமை, ஜெசிந்தா டீச்சர் பட்டறைக்கு வந்தார். காது கேளாத குழந்தைகள் படிக்கும் பள்ளியில் நடனம் சொல்லிக்கொடுப்பவர். பத்தொன்பது நாளில் ஆண்டு விழா. நாற்பத்திரண்டு பிள்ளைகள் ஒயிலாட்டம் ஆடப் போகிறார்கள்.

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை.

"பாட்டு எப்படிங்க டீச்சர் கேக்கும்?"

"காலால கேப்பாங்க சார். மேடையில பலகை போடுவோம். கீழ ஸ்பீக்கர் வெப்போம். மேளத்தோட அடி பலகையில ஏறும். உள்ளங்கால்ல தெரியும்."

"அப்ப போன வருசம்?"

"போன வருசம் எங்ககிட்ட இருந்தது சின்ன ஸ்பீக்கர். பாதிப் பேருக்குத்தான் எட்டுச்சு. நான் மேடைக்கு முன்னாடி நின்னு கையால தாளம் காட்டினேன். எல்லாரும் என் கையையே பாத்துட்டு ஆடினாங்க."

"நல்லாத்தானே இருந்திருக்கும்?"

"ஆடி முடிச்சதும் நஸ்ரின்னு ஒரு பொண்ணு, பதினோரு வயசு, என்கிட்ட வந்து சைகையில கேட்டா. 'எங்க அம்மா என்னைப் பாத்தாங்க. நான் உங்க கையைப் பாத்தேன். நான் எப்ப எங்க அம்மாவைப் பாக்கறது?'"



நாச்சிமுத்து எழுந்து நின்றார்.

"நான் செஞ்சு தரேனுங்க. பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கர். பலகை என்ன, பள்ளிக்கூடமே ஆடும்."

பூங்கோதை கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

ஐந்து நாளில் ஸ்பீக்கர் தயாரானது. நாச்சிமுத்துவே காயில் சுற்றினார், கோன் என்கிற காகிதக் கூம்பை ஒட்டினார், பெட்டி அடித்தார். சனிக்கிழமை பள்ளிக்குக் கொண்டுபோய் மேடைப் பலகைக்கு அடியில் வைத்தார். பிள்ளைகள் கையில் கைக்குட்டையோடு மூன்று வரிசையாக வெறுங்காலில் நின்றார்கள்.

மேளத்தில் ஏழு அடி. முதல் அடி பெரிது. மற்ற ஆறும் சின்னவை. பெரிய அடி விழும்போதுதான் எல்லாரும் திரும்ப வேண்டும்.

முதலில் மெதுவாக வைத்தார். ஸ்பீக்கருக்கு மேலே நின்ற பிள்ளைகள் அழகாக ஆடினார்கள். ஓரத்தில் நின்றவர்கள் எப்போது ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து வால்யூமைக் கூட்டினார். பலகை முழுக்க அதிர்ந்தது. ஓரத்துப் பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. எல்லாரும் ஆடத் தொடங்கினார்கள்.

இரண்டாவது சுற்றில் பாதிப் பேர் வலது பக்கம் திரும்பினார்கள். பாதிப் பேர் இடது பக்கம். ஒரு பையன் சுற்றிச் சுற்றி வந்தான். நான்கு பேர் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். விழுந்தவர்கள் விழுந்தபடியே சிரித்தார்கள்.

நஸ்ரின் மட்டும் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து குதித்து இறங்கி நாச்சிமுத்துவிடம் வந்தாள். அவருடைய கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் விரலால் தட்டினாள். ஏழு தட்டு. ஏழும் ஒரே அளவு.

பிறகு அவர் முகத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தாள். இதில் எது முதல் அடி?

அன்று மாலையே நாச்சிமுத்து பட்டறைக்கு வந்தார்.

"மாஸ்டர், கொஞ்சமா வெச்சா பெரிய அடி பெருசா இருக்குதுங்க. கூட்டினா எல்லாம் ஒரே மட்டமாப் போயிருது. இன்னும் பெரிய காந்தம் போட்டா சரியாகுங்களா?"

"போட்டுப் பாருங்ணா."

அவர் காந்தத்துக்குப் பின்னால் இன்னொரு காந்தத்தை ஒட்டினார். இரண்டு நாள் ஆனது. ஸ்பீக்கரை ஒருவரால் தூக்க முடியவில்லை. பள்ளிக்கு எடுத்துப் போனார். மெதுவாக வைத்தபோது முன்னைவிட அருமையாக இருந்தது. கூட்டியபோது முன்னைவிட மோசமாக இருந்தது. பெரிய அடி விழும்போது ஸ்பீக்கருக்குள்ளே ஏதோ கரகரவென்று கத்தியது. இந்தத் தடவை ஏழு பேர் முட்டிக்கொண்டார்கள்.

ஜெசிந்தா டீச்சர் சங்கடத்தோடு சொன்னார்.

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு சார். சரியா வரலைன்னா பரவாயில்லை. நான் முன்னாடி நின்னுக்கறேன்."

நாச்சிமுத்து ஸ்பீக்கரைத் திருப்பி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். இரண்டு பேராக இறக்கி மேசைமேல் வைத்தார்கள்.

"பெரிய காந்தம் போட்டும் கெட்டுப்போகுதுங்க மாஸ்டர். எங்க கெட்டுப்போகுதுன்னே தெரியலை."

பூங்கோதை கை துடைத்துக்கொண்டு எழுந்தார். கோனை வெட்டி எடுத்தார். காயிலைத் தனியாக உருவினார். தடித்த காகிதக் குழாய்மேல் செம்புக் கம்பி சுற்றிய ஒரு வளையம், அவ்வளவுதான் காயில். காந்தத்தின் நடுவில் வட்டமாக ஒரு மெல்லிய இடுக்கு இருந்தது. காயில் உட்காரும் இடம் அது.

"இந்த வளையத்தைப் பிடிங்ணா. இடுக்குக்குள்ள விட்டுப் பிடிங்க. அழுத்த வேண்டாம்."

அவர் பிடித்தார். பூங்கோதை காயிலின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன பேட்டரியில் தொட்டார்.

டக் என்று வளையம் அவர் விரலை உதைத்தது. நாச்சிமுத்து துள்ளிவிட்டார்.

"ஏனுங்க, கழுதை மாதிரி உதைக்குது!"

"இப்பப் பாதி வெளிய எடுங்க."

எடுத்தார். பேட்டரி தொட்டது. வளையம் லேசாகத் தள்ளியது.

"முழுசா வெளிய."

இடுக்குக்கு மேலே பிடித்தார். பேட்டரி தொட்டது.

"தொட்டீங்களா மாஸ்டர்?"

"தொட்டுட்டேன்."

"ஒண்ணும் தெரியலீங்களே."

"பேட்டரி அதேதான்."

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். மறுபடி உள்ளே விட்டார். மறுபடி வெளியே எடுத்தார். நான்கு தடவை செய்தார்.

"காந்தமும் அதேதானுங்க," என்றார்.

"ஆமாம்."

"காயிலும் அதேதான்."

"ஆமாம். பெரிய அடி விழறப்ப உங்க காயில் எங்க இருக்குதுங்ணா?"

நாச்சிமுத்து தன் பழைய பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். அதுவும் இதே அளவு காந்தம், இதே அளவு காயில். கோனின் நடுவில் ஒரு பென்சிலை நட்டமாக ஒட்டினார். பக்கத்தில் ஒரு அட்டையை நிறுத்தினார். பள்ளியின் மேளத்தைப் போட்டார். மெதுவாக வைத்தபோது பென்சில் நடுங்கியது. கூட்டியபோது பெரிய அடிக்கு ஒரு விரல் அகலம் மேலே ஏறி இறங்கியது. அட்டையில் கோடு விழுந்தது.

இடுக்கின் ஆழத்தை அளந்தார். அரை விரல் அகலம்கூட இல்லை.

நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"வெளிய போயிருதுங்க மாஸ்டர். பெரிய அடிக்குக் காயில் இடுக்கை விட்டே வெளிய போயிருது. அங்க போனா அதைத் தள்ளறதுக்கும் ஆளில்லை, இழுக்கறதுக்கும் ஆளில்லை. சின்ன அடி உள்ளேயே இருக்குது, அதனால முழுசா வருது. பெரிய அடி பாதியில நின்னுக்குது. அப்புறம் ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கும்!"

"ரெண்டாவது காந்தம்?"

"அது..." நாச்சிமுத்து யோசித்தார். "அது இடுக்குக்குள்ள இருக்கறப்ப இன்னும் வேகமா உதைச்சு வெளிய தள்ளுது. வெளிய போனதுக்கப்புறம் அதுவும் வேடிக்கைதான் பாக்குது."

பூங்கோதை முகத்தில் சிரிப்பு வந்தது. கம்பிச் சுருளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"காயில் வெளிய போறதை நிறுத்த முடியாதுங்ணா. போனாத்தான் சத்தம். ஆனா போறப்பவும் கொஞ்சம் உள்ளே இருக்கோணும்."

அவர் கம்பியைப் பார்த்தார். இடுக்கைப் பார்த்தார்.

"அப்ப காயிலை நீளமாச் சுத்தோணும்."

"சுத்துங்க."

இடுக்கின் ஆழத்தைப் போல ஆறு மடங்கு நீளத்துக்குக் காயில் சுற்றினார். முதல் காயில் கோணிக்கொண்டது. இரண்டாவதில் கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. மூன்றாவதைப் பூங்கோதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக் கொடுத்தார். நீளக் காயில் கீழே இடிக்காமல் இருக்கப் பக்கத்து லேத் பட்டறையில் காந்தத்தின் அடித்தட்டைக் குடைந்து வாங்கி வந்தார்கள். இரண்டாவது காந்தம் அலமாரிக்குப் போனது.

இப்போது காயில் மேலே போனாலும் கீழே போனாலும் இடுக்குக்குள் எப்போதும் அதே அளவு கம்பி இருந்தது.

பள்ளியில் பிள்ளைகள் பலகையில் ஏறினார்கள். நாச்சிமுத்து வால்யூமைக் கூட்டினார். எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். மறுபடி திரும்பினார்கள். நாற்பத்திரண்டு கைக்குட்டையும் ஒன்றாக மேலே போயின.

நஸ்ரின் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் ஒரு குத்து விட்டாள்.

"அம்மாடி!" என்றார் நாச்சிமுத்து.

பிறகு ஆறு தடவை மெதுவாகத் தட்டினாள். தலையை ஆட்டிச் சிரித்தாள். நாச்சிமுத்துவும் கையை உதறிக்கொண்டே சிரித்தார்.

ஆனால் அவள் கையை விடவில்லை. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் மேளம் வேகமெடுக்கும். பெரிய அடிக்குப் பின்னால் இரண்டு இரண்டாகச் சின்ன அடிகள் ஓடிவரும். அந்த இடத்தைக் காட்டுவதற்காக மறுபடி ஒரு குத்து விட்டாள். அதன் பிறகு தட்டவில்லை. உள்ளங்கையை அவர் கைமேல் வைத்து இழுத்துத் தேய்த்தாள்.

ஜெசிந்தா டீச்சர் சொன்னார்.

"பெரிய அடிக்குப் பின்னாடி வர்றது பிரிஞ்சு தெரியலைங்கறா. இழுபடுதாம்."

"எத்தனை நாளுங்க இருக்குது?"

"ஆறு."

நாச்சிமுத்து பட்டறைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். கையில் குத்து வாங்கியதையும் சொன்னார். பூங்கோதை விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிக்காதீங்க மாஸ்டர். ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு வருது. இப்பக் காயில் எங்கயும் போகலியே. உள்ளேதானே இருக்குது?"

"உள்ளேதான் இருக்குது. நீளமாச் சுத்தினோம். கம்பி நிறைய ஆயிருச்சு."

"அதனால?"

"காயில்ல கரண்ட் ஓடறப்ப அதுவும் ஒரு காந்தம்தானுங்ணா?"

"ஆமாங்க."

"பெரிய அடிக்குப் பெரிய கரண்ட்."

"ஆமா."

"பெரிய அடி வர்றப்ப அந்தக் காயில் பக்கத்துல இருக்கற பெரிய காந்தத்தை என்ன பண்ணும்?"

நாச்சிமுத்து தாடையைத் தடவினார்.

"ஆட்டிப் பாக்குமுங்களா?"

"ஆட்டிப் பாக்கும். காந்தத்தோட பலம் ஆடி அடங்கறதுக்குள்ள அடுத்த அடி வந்துரும்."

"அட! தள்ளறவனே ஆடினா அடி எப்படி நிக்கும்? இதை யாருங்க பிடிச்சு வெக்கறது?"

பூங்கோதை மூலையிலிருந்து ஒரு செம்புக் குழாய்த் துண்டை எடுத்தார். ஒரு முழ நீளம் இருக்கும். நட்டமாகப் பிடித்து ஒரு சின்ன இரும்புத் துண்டை மேலே விட்டார். டொக் என்று கீழே விழுந்தது.

"இந்தாங்க. இதைப் போடுங்க."

அதே அளவில் ஒரு காந்தத் துண்டைக் கொடுத்தார். நாச்சிமுத்து குழாய்க்குள் போட்டார். கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஒன்றும் வரவில்லை.

குழாயின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். காந்தம் எதிலும் ஒட்டாமல், அவசரமே இல்லாமல், நடுவில் மிதந்து இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு பூ மாதிரி அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

"இன்னொருக்கா," என்றார்.

மறுபடி போட்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் பத்துத் தடவை போட்டார்.

"செம்புல காந்தம் ஒட்டாதே மாஸ்டர்!"

"ஒட்டாது. சும்மா இருக்கற காந்தத்தை அது கண்டுக்கவே கண்டுக்காது. அசைஞ்சாத்தான் பிடிச்சுக்கும்."

நாச்சிமுத்து குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தார். காந்தத்தின் நடுவில் ஒரு இரும்புத் தூண். அதைச் சுற்றி இடுக்கு.

"இந்தத் தூணுக்குச் செம்புல ஒரு சட்டை போட்டுட்டா காந்தம் ஆடாதுங்களா?"

"போடலாம். தூணைக் கடைஞ்சு சின்னதாக்கோணும். பிரிச்ச காந்தத்துக்குத் திரும்பக் காந்தம் ஏத்தோணும். எல்லாம் ரெண்டு நாள் வேலை."

"இப்பவே பிரிச்சரலாமுங்க."

"ஒண்ணு இருக்குதுங்ணா. செம்பு இரும்பு இல்லை. அது வந்து உக்கார்ற இடத்துல காந்தத்தோட பலம் குறையும். சத்தம் குறையும்."

நாச்சிமுத்துவின் கை நின்றது.

"எவ்வளவுங்க?"

"காதுக்குத் தெரியற அளவுக்கு."

அவர் குழாயை மேசைமேல் வைத்தார். வெளியே போய் டீ குடித்தார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"மாஸ்டர், முப்பது வருசத்துல சத்தத்தைக் கூட்டறதுக்கு எத்தனையோ ஸ்பீக்கரைக் கழட்டியிருக்கேன். குறைக்கறதுக்குன்னு ஒண்ணைக்கூடக் கழட்டினதில்லீங்க."

"தெரியுமுங்ணா. எல்லாத்தையும் திருப்பி ஒட்டினது நான்தானே."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

குறைந்த சத்தத்தை ஈடுகட்ட அதே மாதிரி இன்னொரு ஸ்பீக்கரும் செய்தார்கள். மேடையின் இடது பாதிக்கு ஒன்று, வலது பாதிக்கு ஒன்று. நான்கு நாள் இருவரும் சாப்பாட்டைப் பட்டறைக்கே வரவழைத்துச் சாப்பிட்டார்கள். விழாவுக்கு முந்தைய நாள் மதியம் நஸ்ரின் பலகையில் தனியாக நின்று பார்த்தாள். கடைசிப் பகுதி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கால் மட்டும் ஆடியது. முடிந்ததும் இறங்கி வந்தாள். நாச்சிமுத்து பயந்துகொண்டே கையை நீட்டினார்.

அவள் குத்தவில்லை. விரல் நுனியால் இரண்டு இரண்டாகத் தட்டினாள். மழைத் தூறல் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது.

ஆண்டு விழா மாலை நான்கு மணிக்கு. மைதானம் நிறைய நாற்காலி போட்டிருந்தார்கள். ஜெசிந்தா டீச்சர் மேடைக்கு முன்னால் நிற்கவில்லை. ஏழாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். கை தன்னால் தாளம் போட்டுவிடும் என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நாச்சிமுத்து மேடை ஓரத்தில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நின்றார். பூங்கோதை அவருக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மேளம் தொடங்கியது. பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. விழாக் குழுவிலிருந்து குழந்தைவேலு வேகமாக வந்தார். வேட்டி, பேட்ஜ், கையில் விழா அழைப்பிதழ்.

"என்னங்க நாச்சிமுத்து, உங்க பாக்ஸுன்னு சொன்னாங்க, சத்தமே இல்லை? கூட்டுங்க, கூட்டுங்க!"

முப்பது வருடமாக அந்த ஒரு சொல்லைக் கேட்டால் நாச்சிமுத்துவின் கை தானாக வலது பக்கம் திரும்பும். இப்போதும் கை வால்யூமுக்குப் போனது. அவர் திரும்பிப் பூங்கோதையைப் பார்த்தார்.

பூங்கோதை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து கையை எடுத்தார்.

"இவ்வளவு போதுமுங்க."

"முன் வரிசையில உக்காந்திருக்கறவங்களுக்கே பேஸ் அதிர்வு தெரியலைங்க! எல்லாரும் பெரிய மனுசங்க." குழந்தைவேலு தானே வால்யூமை நோக்கிக் கையை நீட்டினார்.

நாச்சிமுத்து அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

"செருப்பைக் கழட்டுங்க."

"என்னது?"

"கோவிச்சுக்காதீங்க. செருப்பைக் கழட்டிட்டு இந்தப் பலகை ஓரத்துல ஒரு நிமிசம் நில்லுங்க. அப்புறமும் கூட்டச் சொன்னீங்கன்னா கூட்டிடறேன்."

குழந்தைவேலு அவரை முறைத்தார். செருப்பைக் கழற்றினார். திரை மறைவில் இருந்த பலகையில் ஏறி நின்றார்.

முதல் அடி விழுந்தது.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

அதன் பிறகு அவர் கூட்டச் சொல்லவில்லை. இறங்கவும் இல்லை. கடைசிப் பகுதி வந்து மேளம் வேகமெடுத்தபோது, அழைப்பிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கால் கட்டைவிரலால் பலகையில் தட்டிக்கொண்டிருந்தார்.

மேடையில் ஒரு பையனின் கைக்குட்டை பறந்து போனது. அவன் வெறும் கையை வீசி ஆடினான். யாரும் முட்டிக்கொள்ளவில்லை. யாரும் ஏழாவது வரிசையைத் தேடவில்லை. நாற்பத்திரண்டு பேரும் நேராகக் கூட்டத்தைப் பார்த்து ஆடினார்கள். நஸ்ரின் மூன்றாவது வரிசையில் நீலப் புடவை கட்டிய ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே ஆடினாள். கடைசி அடியில் நாற்பத்திரண்டு காலும் பலகையில் ஒன்றாக இறங்கின.

கூட்டம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டியது. அந்தப் பள்ளியில் கைதட்டு அப்படித்தான். ஜெசிந்தா டீச்சருக்கு மட்டும் உடனே கையைத் தூக்க முடியவில்லை. இரண்டும் மரத்துப் போயிருந்தன.

கூட்டம் கலைந்த பிறகு நாச்சிமுத்து வயர் சுற்றினார். பூங்கோதை பலகைக்கு அடியில் குனிந்து இரண்டு ஸ்பீக்கரின் காந்தத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"சூடே இல்லை," என்றார்.

நாச்சிமுத்து சுற்றிய வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"மாஸ்டர், இன்னும் கூட்டியிருந்தா தாங்கியிருக்குமுங்களா?"

"தாங்கியிருக்கும்."

"எவ்வளவுக்கு?"

"நீங்க வெச்சது பாதி. இன்னும் பாதி இருந்துச்சு."

நாச்சிமுத்து மீசையைத் தடவினார்.

"அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சதுல பாதியைத் தொடவே இல்லீங்களே. அது வீண்தானுங்களே?"

பூங்கோதை பலகைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கையிலிருந்த தூசியைத் தட்டினார்.

"அது மிச்சம் இருந்ததாலதான் பெரிய அடி பெருசாவே விழுந்துச்சு. அந்தப் பாதியிலதானுங்ணா பிள்ளைங்க ஆடினாங்க."